யார் தகரம் மேலே

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வீடு பத்து, கூரை ஒன்று. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீனம்மாக்காவின் கதை வெளியூர்க்காரர்களுக்கு விளங்காது. ஒன்றாம் நம்பர் வீட்டில் தொடங்கும் தகரம் நடுவில் எங்கும் மூச்சு விடாமல் பத்தாம் நம்பர் வரைக்கும் போகும். கீழே சுவர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். மேலே பிரிக்க வெள்ளைக்காரனுக்கும் தோன்றவில்லை, அவனுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஒழுக்கு மட்டும் அவரவருக்குச் சொந்தம்.

மீனம்மாக்கா ஏழாம் நம்பர். நான் எட்டாம் நம்பர். அந்தப் பக்கம் ஆறாம் நம்பரில் பேச்சியம்மா. மஸ்கெலியா நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து கிளம்பி வருகிற காற்று முதலில் ஒன்றாம் நம்பரில் மோதி, வரிசையாக ஒவ்வொரு வீட்டையும் விசாரித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். இதையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

மீனம்மாக்கா கொழுந்து பறிக்கிறவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். கணவர் அழகுமுத்து நல்ல மனிதர். அவர் வாயைத் திறந்து நான் பார்த்ததெல்லாம் சாப்பிடுகிற நேரத்தில் மட்டும்தான். அவர் காலமான பிறகு ஒரே மகள் நிலக்ஷியை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது அக்கா ஒருவர்தான். அதைச் செய்ய என்ன குணம் வேண்டுமோ அது அவரிடம் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் அவருடைய வாளிதான் முதலில் நிற்க வேண்டும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு சரியில்லை என்று சொல்லி, மேற்பார்வைக்கு நின்ற கண்டாக்கையா வேறு தராசு கொண்டுவரும் வரைக்கும் கூடையைத் தலையை விட்டு இறக்காமல் நின்றவர் அவர். அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் போகச் சொன்னான் என்பதற்காக அரிசிப் பையோடு பாதி வழியில் இறங்கி, மழையில் நடந்தே வீடு வந்து சேர்ந்தாரே, அதில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நிலக்ஷி வாழ்க்கைப்பட்டது ஹட்டன் டவுனில். மாமியார் ஜெயந்தினி அம்மாவின் வீடு கொங்கிரீட் போட்ட வீடு. அதை அவர் சொல்லாமல் விட்ட விசேஷத்தை நான் பார்த்ததில்லை. வளைகாப்பன்றும் சொன்னார். எல்லாரும் வளையல் போட்டு, ஐந்து வகைச் சோறு சாப்பிட்டு முடித்த பிறகு, சம்பந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும், அதில் தனக்கு மறுப்பே இல்லை என்று ஆரம்பித்தார். மறுப்பு அதற்குப் பிறகு வந்தது.

"ஆனா மழைக்காலம் பாருங்க சம்பந்தி. லயத்துல ஒழுகும்னு சொல்றாங்க. பச்சப்புள்ளைய நனைய விட முடியாது. நான் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் நிலக்ஷிய அனுப்புவேன்."

ஏழாம் நம்பரில் மழை பெய்தால் எந்தச் சட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று அக்காவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அன்று பஸ்ஸில் திரும்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். எம் புள்ள எம் வீட்டுலதான் பெத்துக்குவா, கூரைய மாத்தாம நான் கண்ண மூடமாட்டேன். அழாமல் சொன்னார். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொன்னார்.

கூரை மாற்றுவது என்று முடிவு செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் செய்யவேண்டிய முதல் காரியம் தேர்தலுக்குக் காத்திருப்பது. அக்காவின் நல்ல நேரம், அது பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் லயத்தில் இரண்டு தொழிற்சங்கம். ஒன்று முதல் ஆறு வரைக்கும் ஒரு சங்கம், ஏழு முதல் பத்து வரைக்கும் இன்னொன்று. எங்கள் சங்கம் முந்திக்கொண்டு நீலத் தகரம் கொடுத்தது. செய்தி எட்டியதும் மறு வாரமே அவர்கள் சங்கம் சிவப்புத் தகரம் கொண்டுவந்து இறக்கியது. எங்களுக்குத் தகரம் கொடுத்த அன்று ஒரே ஒரு தகரத்தைத் தலைவர்மார் எல்லாரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு, வாங்குகிறவராக மீனம்மாக்காவை நிறுத்திப் படம் எடுத்தார்கள். படத்தில் தலைவர்மார் எல்லாரும் தெரிகிறார்கள். அக்காவின் விரல்கள் மட்டும் தகரத்தின் ஓரத்தில் தெரிகின்றன.

தகரம் அடிக்க வந்தவர் மதுரன் பாஸ்; மேஸ்திரியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்றார். எந்தப் பொழுது என்று நாங்கள் கேட்கவில்லை. பழைய கூரையின் மேல் காற்றுக்குப் பாரமாக வைத்திருந்த கல்லும் டயரும் முதலில் இறங்கின. பிறகு தகரம் இறங்கியது. பிறகு எங்கள் மானம் இறங்கியது. கூரை போனால் வீட்டுக்குள் வெயில் வரும் என்றுதான் நினைத்திருந்தோம். வெயிலில் கரி தெரியும், ஒட்டடை தெரியும், எலி குடும்பம் நடத்திய இடம் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. மேல் ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் நின்று எங்கள் சட்டி பானையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏழாம் நம்பர்ப் பரணில் விறகுக்குப் பின்னாலிருந்து வெறும் சாராயப் போத்தல்களாக மதுரன் எடுத்து எடுத்துக் கொடுத்தார். அழகுமுத்து அண்ணன் ஏன் வாயைத் திறக்காமல் வாழ்ந்தார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அக்கா முதலில் முறைத்தார். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். கடைசியில் ஒரு போத்தலை மட்டும் கழுவி மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொண்டார். அது தேவைக்காக வைத்தது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வேலை முடியும் வரைக்கும் நாங்கள் பிள்ளைக் காம்பராவில் தூங்கினோம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே இருந்த குட்டிக் கட்டில்களில் எங்கள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தகரம் அடிப்பதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. ஒரு தகரத்தின் ஓரம் அடுத்த தகரத்தின் மேல் ஒரு கை அகலத்துக்கு ஏற வேண்டும். அப்படியானால் ஒன்று மேலே, ஒன்று கீழே. என் வீட்டுத் தகரத்தின் மேல் அக்கா வீட்டுத் தகரம் ஏறியது. எனக்கு அதில் வருத்தமில்லை, நான் பிறந்ததிலிருந்தே கீழேதான். பிறகு மதுரன் ஏழாம் நம்பரின் மறு ஓரத்துக்குப் போய், பேச்சியம்மாவின் பழைய தகரத்தைத் தூக்கி, அதற்கு அடியில் நீலத் தகரத்தைச் செருகப் பார்த்தார். முற்றத்தில் நின்ற அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன தம்பி செய்றீங்க? புதுத் தகரம் போயி அந்தத் துருப்புடிச்ச தகரத்துக்குக் கீழ படுக்கணுமா?"

வழக்கமாக இப்படித்தான் போடுவோம் என்றார் மதுரன். யாருடைய வழக்கம் என்று அக்கா கேட்டார். மதுரனுக்கு அது தெரியவில்லை. அவருடைய மாமா அப்படிப் போடுவார், அவரைப் பார்த்து இவரும் போடுகிறார், அவ்வளவுதான். தோள்பட்டையை ஆட்டிவிட்டு நீலத்தை மேலே வைத்து ஆணி அடித்தார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறு வாரம் பேச்சியம்மாவின் பழைய தகரம் இறங்கியது. புதுச் சிவப்புத் தகரம் ஏறியது. இப்போது இரண்டும் புதுசு. சிவப்பு நீலத்தின் மேல் வருவதா, நீலம் சிவப்பின் மேல் வருவதா?

பேச்சியம்மாவும் மீனம்மாக்காவும் மலையில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவர்கள். பகல் ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள். நிலக்ஷி சின்னவளாக இருந்தபோது பாதி நாள் தூங்கி எழுந்தது ஆறாம் நம்பரில்தான். அதெல்லாம் தகரம் வருவதற்கு முந்தைய கதை. எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற அத்தனை பேரும் மேல் ரோட்டிலிருந்து எங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். யார் மேலே, யார் கீழே என்பது தோட்டத்துக்கே தெரிகிற விஷயம். அதனால் இரண்டு சங்கத்துத் தலைவர்களும் வேலை மெனக்கெட்டு வந்து நின்றார்கள். சம்பளத்துக்காக அவர்கள் இவ்வளவு வேகமாக வந்து நான் பார்த்ததில்லை.

அக்கா ஏணியில் ஏறி, நீலத் தகரத்தின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நான் முந்தி அடிச்சேன், எந் தகரந்தான் மேல இருக்கும்" என்றார். பேச்சியம்மா கீழே நின்று நியாயம் பேசினார். பேசப் பேச நீர்த்தேக்கத்துப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆறாம் நம்பருக்கு அந்த நேரத்தில் கூரை இல்லை. அரிசி, துணிமணி, சாமிப்படம் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூரை இல்லாதவர் எவ்வளவு நேரம் வாதாட முடியும்?

"போட்டுத் தொலைங்க தம்பி, கீழயே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மா உள்ளே போனார். அன்றிலிருந்து மீனம்மாக்காவோடு பேச்சு இல்லை. மலையிலும் நிரை மாற்றிக்கொண்டார்.

அக்கா ஜெயித்துவிட்டார். காலையில் மேல் ரோட்டில் போகும்போது கொஞ்சம் மெதுவாக நடந்தார். நீலம் சிவப்பின் மேல் நன்றாகவே தெரிந்தது.

பிறகு மழை வந்தது. தென்மேற்குக் காற்றோடு வருகிற எங்கள் ஊர் மழை நேராக விழாது, படுத்துக்கொண்டு வரும். முதல் மழைக்கு லயம் முழுக்க ஒரு சொட்டு இல்லை. எல்லாரும் வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்தோம். அக்கா மட்டும் வெளியே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கு ஒரு சத்தம் கேட்டது. தட்டில் சொட்டு விழுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. நின்றது ஒழுக்கு இல்லை. பேச்சியம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அக்கா தட்டுக்குள் துணியைப் போட்டுவிட்டார். மழை விட்டதும் பிழிந்து பிழிந்து காயப்போட்ட துணியை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

ஒழுகிய இடம் ஆறாம் நம்பரை ஒட்டிய சுவர் ஓரம். அடுப்புப் புகை எட்டாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். மேலே தொட்டில் கட்டுகிற மரமும் அங்கேதான் இருக்கிறது. நிலக்ஷிக்குத் தொட்டில் கட்டிய மரம்.

மதுரன் வந்து தார் பூசினார். அடுத்த காற்றுக்கு மறுபடி ஒழுகியது. இன்னும் கொஞ்சம் தார் பூசினார். ஒழுக்கு கறுப்பாக வந்தது. கடைசியில் ஒரு நாள் கொட்டுகிற மழையில் அக்காவே இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிப் பார்த்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். இறங்கி வந்தவரின் முகத்தில் மழைத் தண்ணீரோடு வேறு தண்ணீரும் இருந்தது.

"அவங்க தகரத்து மேல ஓடிவர்ற தண்ணி காத்துல நம்ம தகரத்துக்கு அடியில பூந்துருது தம்பி. நம்மளது மேல இருக்கறதால, காத்துக்கு வாயத் திறந்துக்கிட்டு நிக்குது. அவங்களது மேல இருந்திருந்தா ஒரு சொட்டு வராது."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பவன் பேசக் கூடாது.

அந்த வாரமே ஹட்டனிலிருந்து போன் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வீடு பார்க்க வருகிறார், நிலக்ஷியும் கூட வருகிறாள். வீடு பிடித்தால் அப்படியே இருந்துவிடலாம், பிடிக்காவிட்டால் திரும்பிப் போய் ஹட்டனிலேயே பெற்றுக்கொள்ளலாம். போனில் நிலக்ஷி கொஞ்சம் களைப்பாகப் பேசினாளாம். கட்டிலை வேறு சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டதில் தூக்கமில்லையாம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா காத்துக்கு என்றாளாம்.

அக்கா அன்று சாயந்தரம் ஆறாம் நம்பர் வாசலுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று நானும் வாசலில் வந்து நின்றேன். பேச்சியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பேச்சிக்கா, வேணும்னா ஒங்க தகரத்த மேல போட்டுக்கங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பேச்சியம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. "எதுக்கு? எனக்குக் கீழயே நல்லாத்தான் இருக்கு. ஒரு சொட்டு இல்ல."

இப்படித்தான் அக்கா விட்டுக்கொடுத்தார், வரம் கொடுக்கிற மாதிரி. ஒழுகுது என்கிற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விடியற்காலையிலேயே வந்துவிட்டது. சம்பந்தியம்மா அதற்குப் பிறகுதான் வந்தார். நிறைமாத வயிற்றோடு நிலக்ஷி ஆட்டோவிலிருந்து இறங்கும்போது லயமே வாசலுக்கு வந்தது, பேச்சியம்மாவைத் தவிர. அக்கா தட்டை ஒளித்துவிட்டு, ஒழுகும் இடத்தில் அரிசிப் பெட்டியை நகர்த்தி, அதன் மேல் கம்பளியை மடித்துப் போட்டிருந்தார். விருந்தாளிகளை அதற்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். நானும் பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தேன். ஜெயந்தினி அம்மா தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, நல்ல தகரம், நீலம் வீட்டுக்குக் குளிர்ச்சி என்றார். அக்காவின் முகத்தில் உயிர் வந்தது.

காற்று ஒரு சுற்றுச் சுற்றி அடித்தது. தண்ணீர் மரத்தின் வழியாக ஓடிவந்து, கம்பளியை விட்டுவிட்டு, நேராக ஜெயந்தினி அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது.

அந்த நேரத்தில் வாசலில் பேச்சியம்மா வந்து நின்றார். எங்கள் லயத்தில் சுவர் என்பது ஒரு பேச்சுக்குத்தான், கூரைக்குக் கீழே இடைவெளி உண்டு, பக்கத்து வீட்டுப் பெருமூச்சும் கேட்கும்.

"என்னடி நிலக்ஷி, வந்தவ என்னயப் பாக்க வரமாட்டியா?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினார். சம்பந்தியம்மாவையும் கூப்பிட்டார். ஆறாம் நம்பரில் பாய் விரித்துத் தயாராக இருந்தது. எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்தோம். தரை தூசி பறக்கக் காய்ந்திருந்தது.

தொட்டிலை இங்கேதான் கட்டப்போகிறோம், இரண்டும் ஒரே வீடுதான், நடுவில் ஒரு சுவர் இருக்கிறது அவ்வளவுதான் என்றார் பேச்சியம்மா. ஜெயந்தினி அம்மா மேலே அண்ணாந்து பார்த்தார். ஒரு மூலை விடாமல் பார்த்தார். பிறகு திருப்தியாகத் தலையாட்டினார். மீனம்மாக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இல்ல சம்பந்தி" என்றார் அக்கா. "இது பேச்சிக்கா வீடு. எம் வீடு ஒழுகுது. எந் தகரந்தான் மேல இருக்கணும்னு அடம் புடிச்சேன். இவங்க வீடு தெறந்து கெடந்த நேரமாப் பாத்து அடம் புடிச்சேன். அதனாலதான் ஒழுகுது."

இவ்வளவையும் அவர் பேச்சியம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். பேச்சியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஜெயந்தினி அம்மா கையோடு கொண்டுவந்திருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க கொங்கிரீட்டும் ஒழுகுது" என்றார்.

நிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு, "நான்தான் கட்டில மாத்திப் போட்டுப் போட்டுப் பாத்தேன்மா, எந்தச் சுவர்ப் பக்கம் போட்டாலும் சொட்டுது" என்றாள். ஜெயந்தினி அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. கொங்கிரீட் வீடு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஒழுகுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது என்றார். "வீடு பாக்க வந்தேன்னு சொன்னது பொய் இல்ல சம்பந்தி. புள்ளைய வைக்க எங்கயாச்சும் ஒரு காஞ்ச எடம் கெடைக்குமான்னு பாக்கத்தான் வந்தேன்."

நிலக்ஷி அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. ஆறாம் நம்பரில் பாயில் படுத்தவள் மழைச் சத்தத்தில் நன்றாகத் தூங்கிவிட்டாள். அவள் தலைமாட்டில் ஒரு பக்கம் மீனம்மாக்காவும் மறு பக்கம் பேச்சியம்மாவும் உட்கார்ந்து, பேசாமல் இருந்த நாளையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். காத்து விட்டதும் மதுரன வரச் சொல்லு என்று பேச்சியம்மா சொன்னது என் வீடு வரைக்கும் கேட்டது.

மதுரன் வந்தார். ஆணியைக் கழற்றி, நீலத்தைத் தூக்கி, சிவப்பை மேலே எடுத்துவிட்டார். கழற்றிய ஆணிகளின் ஓட்டைகள் புதிதாகச் சேர்ந்தன, அவற்றுக்கும் தார் பூசினார். கூரை மாற்றுகிறவர்கள் இதையும் எதிர்பார்க்கத்தான் வேண்டும், ஒரு தப்பைத் திருத்தினால் அதன் ஓட்டை மிச்சமிருக்கும்.

நிலக்ஷிக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தாய்க்குக் கட்டிய அதே மரத்தில் தொட்டில் கட்டினார்கள். மழைக்கு ஒரு குறைவும் இல்லை. தொட்டில் காய்ந்தே இருந்தது.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்த அக்கா, மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் நானும் கூடத்தான் மேல் ரோட்டில் நடந்தேன். எங்கள் சங்கத் தலைவர் அங்கே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனது கேட்கவில்லை.

"என்ன மீனம்மா இது? இப்பிடி நம்ம நீலத்தக் கீழ விட்டுட்டீங்களே."

பழைய மீனம்மாக்காவாக இருந்தால் தலைவருக்கு அன்று நல்ல பூசை கிடைத்திருக்கும். அவர் நின்று கூரையை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாங்க தலைவரே, கீழதான் விட்டுட்டேன். எம் பேத்தியும் கீழதான் தூங்குறா. நனையாமத் தூங்குறா."

சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு, முன்னால் போய்க்கொண்டிருந்த பேச்சியம்மாவை எட்டிப்பிடிக்க வேகமாக நடந்தார். அன்றைக்கு அவருக்கு நிரை பேச்சியம்மாவுக்குப் பக்கத்தில்.